சிவந்து வழுவழுத்த நாக்கு: பூசும் மருந்தை விட்டு இரத்தத்தைப் பாருங்கள்

கேள்வி:

டொக்டர் மிஸ், நாங்க வவுணதீவுப் பக்கம் இருக்கிறம். அவர் களப்பில வலை போடுறவர். மூத்த மகனுக்கு மூன்றரை வயசு. ரெண்டு மாசத்துக்கு மேலா அவன்ட நாக்கு சிவந்து, சொரசொரப்பே இல்லாம வழுவழு எண்டு கிடக்கு. கடைவாய் ரெண்டு பக்கமும் வெடிச்சிருக்கு. கறி பட்டா எரியுது எண்டு அழுறான். சோறு தள்ளிவிட்டு, சூப்பிப் போத்தல்ல பால்மாதான் கேக்கிறான். பகல்ல ரெண்டு போத்தல், ராவைக்கு ரெண்டு போத்தல். காலையும் பின்னேரமும் எங்களோட தேத்தண்ணியும் குடிப்பான். கொஞ்ச நாளா சுவர் மண்ணைச் சுரண்டித் தின்னுறான், அரிசியை அள்ளி வாயில போடுறான். காய்ச்சல் ஒண்டும் இல்ல. பாமசியில நாக்கில பூச ஒரு ஜெல்லும் விட்டமின் பி பாணியும் தந்தாங்க. பூசினாக் கொஞ்ச நேரம் சுகம், மறுகா அதே எரிச்சல்தான். எங்கட அம்மா வெங்காரம் பொரிச்சுத் தேனில குழைச்சுப் பூசுறா. இளைய மகளுக்கு அஞ்சு மாசம். அவட நாக்கும் வெள்ளையா இருக்கு எண்டு அம்மா சீலையால வழிச்சு, அதையே பூசப் பாக்கிறா. இது பூச்சியா, நாவூறா? அண்ணனிட்ட இருந்து தங்கச்சிக்குத் தொத்தினதா? எந்த மருந்து பூசினா மாறும்?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

மற்ற எல்லாவற்றுக்கும் முதல், வெங்காரத்தையும் தேனையும் இன்றைக்கே நிறுத்துங்கள். மகனுக்கும் வேண்டாம். ஐந்து மாதப் பிள்ளைக்கு ஒரு துளியும் வேண்டவே வேண்டாம். வெங்காரத்தில் உள்ள போரன் சிறு பிள்ளைகளின் உடம்பில் தேங்கி நஞ்சாகும். வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், வலிப்பும் வரும். தேனையும் வெங்காரத்தையும் கலந்து சூப்பியில் தடவிக் கொடுக்கப்பட்ட ஏழு கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததையும், அதை நிறுத்தியதும் வலிப்பு நின்றதையும் 1983 இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் நடக்கவிருப்பதும் ஏறக்குறைய அதேதான். தேனை மட்டும் தடவினாலும் ஒரு வயதுக்குக் கீழே ஆபத்து உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தி மூச்சை நிறுத்தும் நஞ்சை உண்டாக்கலாம்.

உங்கள் அம்மா அன்போடு செய்கிறா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தான் வளர்த்த பிள்ளைகளுக்குச் செய்ததைத்தான் பேரப்பிள்ளைகளுக்கும் செய்கிறா. அதனால் சண்டை பிடிக்காமல் இந்தக் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாவூறு கழிப்பதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. பிள்ளையின் வாய்க்குள் எதையும் வைக்காதவரை கழிக்கட்டும்.

இனி மகனுடைய நாக்கு. எந்த மருந்தைப் பூசினால் மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். பூசி மாற்றக்கூடிய நோயாக இது எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, வாயைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரே திசையைக் காட்டுகிறது: அவன் உடம்பில் இரும்புச்சத்து குறைந்துவிட்டது. நாக்கு அழற்சி அதன் வெளி அடையாளம் மட்டுமே.

நல்ல நாக்கு ஏன் சொரசொரப்பாக இருக்கிறது தெரியுமா? அதன் மேற்பரப்பில் மயிர் போன்ற மெல்லிய முளைகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் கலங்கள் உடம்பிலேயே வேகமாகத் தேய்ந்து, வேகமாகப் புதிதாகும் கூட்டத்தைச் சேர்ந்தவை. புதுக் கலம் உண்டாக இரும்பு வேண்டும், ஃபோலேட் வேண்டும், பி12 வேண்டும், பி2 வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முதலில் அடிபடுவது இப்படி ஓயாமல் புதுப்பிக்கப்படும் இடங்கள்தான். தண்ணீர் வராத வயலில் நாற்று எழும்பாதது போல, தேய்ந்த முளைகளுக்குப் பதிலாகப் புது முளைகள் எழும்பாமல் நாக்கு மொட்டையாகிறது. மேல்தோல் மெலிந்துபோவதால் உப்பும் உறைப்பும் புளியும் நேரே போய்ச் சுடுகின்றன. கடைவாய் வெடிப்பும் அதே காரணத்தால்தான் வருகிறது. வீணீர் ஊறி ஈரமாகவே இருக்கும் அந்த வெடிப்பில் பிறகு பங்கசும் குடியேறிவிடும்.

அப்படியென்றால் பாமசியில் தந்த விட்டமின் பி பாணி ஏன் கேட்கவில்லை? நீங்கள் எழுதியதிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. அவன் ஒரு நாளைக்கு நான்கு போத்தல் பால் குடிக்கிறான். ஒரு போத்தல் 240 மில்லிலீற்றர் என்று வைத்தால், கிட்டத்தட்ட ஒரு லீற்றர். அவ்வளவு பாலில் பி2 உம் பி12 உம் அவனுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கிடைத்துவிடும். பாலில் இல்லாதது இரும்பு. ஒரு லீற்றர் பசுப்பாலில் அரை மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது; அவன் வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 7 மில்லிகிராமாவது உணவில் வேண்டும். இரும்பு சேர்த்துச் செய்த குழந்தை மாவகைகள் வேறு. வீட்டில் தேத்தண்ணிக்குப் போடும் சாதாரணப் பால்மாவில் நிலைமை பசுப்பால் போலத்தான். போதாததற்கு, பாலில் உள்ள கல்சியமும் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேர விடுவதில்லை. நான்கு போத்தலால் வயிறு நிரம்பிய பிள்ளை சோற்றையும் மீனையும் தேடாது. வேறு சில பிள்ளைகளில், முக்கியமாக மீன், முட்டை, பால் எதுவுமே சேர்க்காத வீடுகளில், பி12 குறைந்து இதே வழுவழுத்த சிவந்த நாக்கு வரும். அங்கே பி விட்டமின்தான் மருந்து. உங்கள் மகனுக்கு அந்தப் பாணி கேடு செய்யாது. ஆனால் அவனுடைய குறை வேறு.

மண்ணும் அரிசியும் தின்பது என்னை இன்னும் உறுதியாக இந்தப் பக்கம் இழுக்கிறது. இரும்பு குறைந்த பிள்ளைகள் மண், சாம்பல், சுண்ணாம்பு, அரிசி, ஐஸ் என்று உணவல்லாதவற்றைத் தேடித் தின்பார்கள். அது குறும்பு இல்லை. அதற்காக அவனை அடிக்க வேண்டாம், கையில் வேப்பெண்ணெய் தடவவும் வேண்டாம். இரும்பு சேரச் சேர அந்த ஆசை தானாகக் குறையும். சுவரில் பழைய பெயின்ட் உரிந்து கிடந்தால் மட்டும் அந்த இடத்துக்கு அவனை விடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் இரத்தத்தையும் மூளையையும் கெடுக்கும். இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

பூச்சியா என்று கேட்டது நியாயமான கேள்வி. பூச்சி நேரடியாக நாக்கைப் புண்ணாக்காது. ஆனால் கொக்கிப்புழு குடலில் தொங்கி இரத்தத்தை உறிஞ்சுவதால் இரும்பு குறையும். அது வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது தோலைத் துளைத்து உள்ளே போகும். வயலும் வெளியுமாக ஓடித்திரியும் உங்கள் படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செருப்பு அதனால்தான் முக்கியம். மண்ணைத் தின்பதால் வேறு புழுக்களும் வரும். கடைசியாக எப்போது பூச்சிமருந்து கொடுத்தது என்று பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் கிளினிக்கில் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

இப்போது வீட்டிலேயே இன்னும் நான்கு இடங்களைப் பாருங்கள். கீழ் இமையை மெதுவாக இழுத்து உட்புறத்தைப் பார்த்தால் நல்ல சிவப்பா, வெளிறியதா? உள்ளங்கையை உங்கள் கையோடு ஒப்பிடுங்கள், நீங்களும் வெளிறியிருக்கலாம் என்பதால் வீட்டில் வேறு ஒருவரின் கையோடும் ஒப்பிடுங்கள். நகங்கள் நடுவில் குழிந்திருக்கின்றனவா? முன்பு ஓடி விளையாடியவன் இப்போது சிணுங்கிக்கொண்டு மடியிலேயே கிடக்கிறானா? இதையெல்லாம் ஒரு தாளில் குறித்து, வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் உள்ள நிறைக்கோடு டொக்டருக்கு நிறையச் சொல்லும்.

எங்கே போவது? முதலில் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்கு அனுப்புவார். அது தாமதமானால் வலையிறவுப் பாலத்தைக் கடந்து நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். இதை வாசிக்கும் மற்றத் தாய்மார் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல் இல்லாததால் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. ஆனால் இந்த வாரமே போங்கள், நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம். இரும்பு குறைவது நாக்கோடு நிற்பதில்லை. வளரும் மூளைக்கும் இரும்பு வேண்டும். நீண்ட காலம் குறைந்திருந்தால் கவனமும் கற்கும் திறனும் பாதிக்கப்படும், அதில் ஒரு பகுதி பிறகு திரும்பி வராமலும் போகலாம். என்னை அவசரப்படுத்துவது அதுதான், நாக்கு இல்லை.

முதலில் செய்வது முழு இரத்தக் கணக்கு, எஃப்பிசி என்று சொல்வார்கள். அவன் வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. அதோடு சிவப்புக் கலங்களின் பருமனையும் பார்ப்பார்கள். இரும்பு குறைந்தால் அவை சிறுத்து வெளிறும். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதைக் காட்டுவது ஃபெரிட்டின். ஐந்து வயதுக்குக் கீழே அது 12 க்குக் குறைந்தால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சலோ தடிமனோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால் சுகமாக இருக்கும் நாளில் எடுப்பது நல்லது. ஃபெரிட்டின் செய்ய முடியாமல் போனாலும் குழப்பமில்லை. இரும்பு கொடுத்து ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு கிராம் கூடினால் அதுவே போதிய சான்று.

கூடாவிட்டால்? மருந்து ஒழுங்காகப் போகிறதா, தேத்தண்ணியோடு போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால், பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறான தலசீமியாவின் கூறு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இலங்கையில் அது அபூர்வமான ஒன்றல்ல. அதிலும் சிவப்புக் கலங்கள் சிறுத்தே இருக்கும், ஆனால் இரும்பு குறைந்திருக்காது. இரும்பு கொடுத்தாலும் ஹீமோகுளோபின் ஏறாது. “இரத்தம் குறைவு” என்று யாரோ சொன்னதை நம்பிச் சோதனையே இல்லாமல் மாதக்கணக்கில் இரும்புப் பாணி குடிக்கக் கொடுப்பது அதனால்தான் கூடாது.

மருந்தின் அளவை நிறையை வைத்து டொக்டர் தீர்மானிப்பார். வழக்கமாக ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் தனி இரும்பு. போத்தலில் எழுதியிருக்கும் எண் இரும்பு உப்பின் அளவா, தனி இரும்பின் அளவா என்பது பாணிக்குப் பாணி மாறும். அதனால் அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டி கொடுத்தார்கள் என்று நீங்களும் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளை போதும். காலையில், பாலுக்கும் தேத்தண்ணிக்கும் முன், வெறும் வயிற்றில் கொடுங்கள். தோடம்பழச் சாறோ கொய்யாப்பழமோ கூட இருந்தால் இன்னும் நன்றாகச் சேரும். நாக்கு எரியும் நாட்களில் தோடம்பழச் சாறு சுடும் என்பதால் முதல் இரண்டு வாரம் அதைத் தவிர்த்துக் கொய்யா, பப்பாசி கொடுங்கள். வயிறு பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம். சற்றுக் குறைவாகச் சேரும், அவ்வளவுதான். பாணி பல்லில் பட்டால் கறுப்பாகும், ஆகவே ஊசியில்லாத சிரிஞ்சால் நாக்கின் பின்பக்கமாக மெதுவாக விட்டு, பிறகு தண்ணீர் குடிக்க வைத்துப் பல்லைத் துலக்கிவிடுங்கள். மலம் கறுத்துப் போகும். பயந்து மருந்தை நிறுத்தாதீர்கள்.

நாக்கு எரிச்சல் சில வாரங்களிலேயே தணியத் தொடங்கும், முளைகளும் திரும்பும். அந்த நேரத்தில்தான் வீடுகளில் மருந்தை விட்டுவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து கொடுத்தால்தான் கையிருப்பு நிரம்பும். பாதியில் விட்டால் அடுத்த சில மாதங்களில் அதே நாக்கோடு திரும்பி வருவான்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. உங்களுக்கு ஐந்து மாதக் குழந்தை இருப்பதால், கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசைகள் வீட்டில் இருக்கும். 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேற் குளிசை ஒன்றில் 65 மில்லிகிராம் அளவு தனி இரும்பு உண்டு. 13 கிலோ பிள்ளை நான்கு குளிசை விழுங்கினாலே நஞ்சு தொடங்கும் அளவை எட்டிவிடும். பன்னிரண்டு விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மண்ணையும் அரிசியையும் எடுத்து வாயில் போடும் பிள்ளை, இனிப்பு மாதிரி இருக்கும் குளிசையை விட்டுவைப்பானா? உயரத்தில், பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால், நன்றாக விளையாடுகிறான் என்று காத்திருக்காதீர்கள். முதலில் வாந்தி எடுத்து, பிறகு தெளிந்தது போல இருந்து, அதற்குப் பிறகு மோசமாவது இந்த நஞ்சின் இயல்பு. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்து உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், குளிசை மட்டையையும் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டு விசயத்தில் இரண்டு மாற்றம் செய்தால் மற்றவை தானாக வரும். ஒன்று, தேத்தண்ணியை முற்றாக நிறுத்துங்கள். பிளேன்டீயானாலும் பால் தேத்தண்ணியானாலும் அதன் சாயம் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும்; சாப்பாட்டோடு குடித்தால் இலைக்கறியிலும் பருப்பிலும் இருந்து வரக்கூடிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகும். எங்கள் ஊரில் பிள்ளைக்கு நடக்கத் தெரிந்ததும் தேத்தண்ணிக் கோப்பையும் கைக்கு வந்துவிடுகிறது. பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுத்தால் ஒரு நேரச் சாப்பாடு முடிந்தது என்று வைத்துக்கொள்கிறோம். நான் பார்க்கும் வெளிறிய பிள்ளைகளில் மிகப் பலருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, இன்னும் சொல்வேன்.

மற்றது, பால் நாளுக்கு 400 முதல் 500 மில்லிலீற்றருக்குள் வர வேண்டும், அதுவும் கோப்பையில். போத்தலை ஒரே நாளில் பறித்தால் வீடே கலங்கும். இரவுப் போத்தலில் இரண்டொரு நாளுக்கு ஒருமுறை பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி, வெறும் தண்ணீர் ஆனதும் போத்தலை எடுத்துவிடுங்கள். மாவைக் கரைத்துக் கொடுக்கும் பாலை அப்படி நீர்க்கச் செய்வது கைக்குழந்தைக்கு ஒருபோதும் கூடாது. இது மூன்றரை வயதுக்காரனின் பழக்கத்தை மறக்கச் செய்ய மட்டும். இரவு முழுக்கப் பால் ஊறிய பற்கள் சூத்தையாவதும் இதனால் குறையும்.

பாலுக்குப் பதில் எதைக் கொடுப்பது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. அவர் வலையில் கொண்டுவருவதிலேயே பாதி மருந்து இருக்கிறது. மீனிலும் இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேரும். அதோடு, ஒரே கோப்பையில் உள்ள கீரையின் இரும்பையும் சேரவைக்கும். முருங்கை இலைச் சுண்டலை மட்டும் கொடுப்பதைவிட, அதே சுண்டலுக்குள் உதிர்த்த மீன் கொஞ்சம் சேர்த்தால் பலன் கூடுதல். நெத்தலியை உப்புப் போக ஊறவைத்து அவித்து இடித்துச் சோற்றில் பிசையலாம், கூனியையும் அப்படித்தான். கோழி ஈரல் வாரத்தில் ஒரு நாள் சிறு துண்டு போதும். பயறும் கவுப்பியும் நன்றாக அவித்து மசித்துக் கொடுங்கள். முட்டையும் நல்லது. நாக்கு ஆறும்வரை மகனுடைய பங்கை மிளகாய்த்தூள் போடும் முன்பே எடுத்து வையுங்கள். மஞ்சளும் உப்பும் தேங்காய்ப்பாலும் போட்ட பால்கறி போதும். சூடு ஆறியதும் கொடுங்கள். எரிச்சல் கூடிய நேரம் குளிர்ந்த எருமைத்தயிர் இரண்டு கரண்டி அவனுக்கு இதமாக இருக்கும், இரும்பு மருந்து குடித்து இரண்டு மணி நேரம் கழித்து என்றால் சரி.

பாமசியில் தந்த ஜெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை நீங்கள் எழுதவில்லை. பூசியதும் சற்று நேரம் சுகம் என்றால் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக இருக்க வாய்ப்புக் கூட. அந்த வகையில் லிக்னொகெயின் அளவு மிஞ்சினால் வலிப்பையும் இதயத்துடிப்புக் கோளாறையும் உண்டாக்கும். பென்சொகெயின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாதபடி செய்யக்கூடும், இரண்டு வயதுக்குக் கீழே அது மிகவும் ஆபத்து. மரத்த நாக்கைப் பிள்ளை கடித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே நிறுத்துங்கள், குழாயை மட்டும் டொக்டரிடம் காட்டுங்கள். சாப்பிட முடியாத அளவுக்கு வலித்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் நிறைக்கேற்ற அளவு பரசிட்டமோல் கொடுக்கலாம், ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். கடைவாய் வெடிப்புக்குப் பங்கசுக் களிம்பு தேவையா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை கொஞ்சம் வசலின் தடவுங்கள்.

சின்ன மகளின் வெள்ளை நாக்குக்கு வருகிறேன். அது அண்ணனிடமிருந்து தொற்றியதல்ல. அவனுடையது தொற்றும் நோயே இல்லை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் நாக்கு நடுவில் மெல்லிய வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் பால் படிவுதான். அதை எடுக்கவே தேவையில்லை. உள்கன்னத்திலும் முரசிலும் உதட்டின் உட்புறத்திலும் வெள்ளைத் திட்டுகள் இருந்து, மெதுவாகத் துடைத்தாலும் போகாமல், போன இடம் சிவந்தோ இரத்தம் கசிந்தோ இருந்தால் அது பங்கசுத் தொற்று. பால் குடிக்கும்போது அழுவாள், உங்கள் முலைக்காம்பிலும் எரிச்சலோ குத்தலோ இருக்கலாம். அதற்கு நிஸ்டற்றின் துளிமருந்து தருவார்கள். வழக்கமாக ஒரு மில்லிலீற்றர், நாளுக்கு நான்கு தடவை, பால் குடித்த பிறகு. இரண்டு கன்னத்துக்கும் பாதி பாதியாக விட வேண்டும். வெள்ளை மறைந்த பிறகும் இரண்டு நாள் தொடர வேண்டும். உங்களுக்கும் அதே நேரத்தில் களிம்பு தருவார்கள், இல்லாவிட்டால் தாயும் பிள்ளையும் மாறி மாறித் தொற்றிக்கொள்வீர்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சீலையால் அழுத்தி வழிப்பதை அம்மா விட்டுவிட வேண்டும். அது மெல்லிய தோலை உரித்துக் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

மற்ற வாசகர்களுக்காகவும் சில வார்த்தை. நாக்கில் படம் கீறியது போல வெள்ளை விளிம்போடு சிவப்புத் திட்டுகள் தோன்றி, சில நாளில் இடம் மாறிப்போனால் அது தீங்கற்றது. மருந்து வேண்டாம், தானாக வந்து தானாகப் போகும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைகளுக்கு நாக்கு வெண்மையானால், ஸ்பேசர் பாவித்து, எடுத்த பின் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

காய்ச்சலோடு வரும் நாக்குப் புண் வேறு கதை. முரசு வீங்கி, வாயெல்லாம் சிறு புண்ணாகி, வீணீர் வடிந்தால் பெரும்பாலும் வைரசு. ஒன்று இரண்டு வாரத்தில் மாறும். அங்கே ஆபத்து புண்ணால் இல்லை, தண்ணீர் குடிக்காமல் காய்ந்து போவதால். ஜீவனி, கஞ்சித் தண்ணீர், இளநீர் எதையாவது கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் வைத்தியசாலைதான். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர இப்யூபுரோஃபன், அஸ்பிரின், டைக்ளோஃபெனக் எதுவும் வேண்டாம், ஏனென்றால் மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் டெங்கு நிற்கும், அந்த மருந்துகள் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் ஐந்து நாள் விடாமல் எரிந்து, நாக்கு ஸ்ட்ரோபெரி போல முள்முள்ளாகச் சிவந்து, உதடு வெடித்து, கண் பீளையில்லாமல் சிவந்து, கைகால் வீங்கினால் கவசாக்கி நோயாக இருக்கலாம். அது இதயத்தின் இரத்தக் குழாய்களைத் தாக்கும். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அந்தப் பாதிப்பைப் பெருமளவு தடுக்கலாம், ஆகவே அங்கே ஒவ்வொரு நாளும் பெறுமதி. இறாலோ நண்டோ நிலக்கடலையோ புது மருந்தோ சாப்பிட்ட சிறிது நேரத்தில், அல்லது குளவி கொட்டிய பின், நாக்கும் உதடும் திடீரென்று தடித்து மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1990.

தங்கச்சி, வைத்தியசாலைக்குப் போகும் அன்று உங்கள் இரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு பிள்ளை பெற்று, இன்னும் பால் கொடுக்கும் உங்களுக்கும் இரும்பு குறைந்திருக்க இடமுண்டு; அந்தக் குளிசைகளை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் முதல் சாப்பாட்டை வெறும் அரிசிமாக் கஞ்சியோடு நிறுத்தாமல், சில நாளிலேயே மசித்த பருப்பும் மீனும் முட்டையும் சேர்க்கத் தொடங்குங்கள், கிளினிக்கில் நுண்போசணைத் தூளையும் கேட்டு வாங்குங்கள். மகனுக்கு மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆனதும் இரண்டாவது எஃப்பிசி அறிக்கையோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள், முதல் அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.